உள்ளே மடித்த துணி

என் மனைவி குட்டையாகிவிட்டாள். அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில் கடைக்குள் வந்து பறக்கும் உடுப்பை மாட்டிப் பார்த்தாள். தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக இருக்கும் உடுப்பு அது. மேலே தனி, கீழே தனி என்று கிடையாது. நான் அளவெடுத்து, நான் வெட்டி, நான் தைத்தது. அது அவள் குதிகாலுக்கு அடியில் மிதிபட்டது. கவட்டில் துணி தொங்கியது. முதுகில் இடுப்புப் பட்டிக்கு மேலே புஸ்ஸென்று உப்பி நின்றது.

"என்னடி, ஆஸ்பத்திரில உன்னைத் துவைச்சுக் காயப்போட்டாங்களா? துணி சுருங்கினா நான் பதில் சொல்லலாம். ஆளு சுருங்கினா யாரைக் கேக்கறது?" என்றேன்.

நான் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் அவள். அன்றைக்கோ கண்ணாடியைப் பார்த்தபடியே, "டேப்பை எடு," என்றாள்.

கால் அளவு மாறவில்லை. கையும் மாறவில்லை. பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை வைத்துப் பார்த்தேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குலத்தைக் காணோம்.

போர் விமானத்தில் அவள் உட்காரும் நாற்காலியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். விமானம் அடிபட்டால் கைப்பிடியை இழுக்க வேண்டும். நாற்காலிக்கு அடியில் வெடி வெடித்து, ஆளை நாற்காலியோடு ஆகாயத்தில் தூக்கி எறியும். பாராசூட் விரியும். உயிர் மிஞ்சும். அதற்கு முதுகெலும்பு நசுங்கி வரி கட்டும். முதல் தடவை கடலுக்கு மேலே இழுத்தாள். உப்புத் தண்ணீர் வடிய, மீனவர் படகில் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினாள். இரண்டாம் தடவை வயலுக்கு மேலே. அந்த முறை அவளைக் கட்டிலோடுதான் கொண்டு வந்தார்கள்.

எங்கள் கடை விமானத் தளத்தின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. படைப்பிரிவின் உடுப்பு முழுக்க எங்களிடம்தான். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அவள் அம்மா, அதாவது என் மாமியார், அப்பாவிடம் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலைக்கு வந்தவர்; கைக்குழந்தையை வெட்டும் மேசைக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டு வேலை செய்வாராம். அந்தக் குழந்தைதான் இவள். அங்கேயே பட்டன்களைப் பொறுக்கி, நிறம் பிரித்து, வாசல் வழியாக விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து வளர்ந்தாள். நான் முதலாளி மகன், கத்தரிக்கோல் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட நன்றாகப் படித்தாள், பரீட்சை எழுதினாள், விமானப்படைக்குப் போனாள். திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஊரும் நினைக்கவில்லை. "வானத்துல பறக்கறவளுக்கு நூல் கண்டு எதுக்கு?" என்று கேட்டார்கள். படைப்பிரிவில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயர்லெஸ்ஸில் அவளைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

முதலில் சரக்கு விமானம்தான் ஓட்டினாள். சண்டை ஆரம்பித்து, போர் விமானிகள் ஒவ்வொருவராகக் குறைந்த பிறகு அவளை அங்கே மாற்றினார்கள். மின்நிலையத்தை உடைக்க வந்த குண்டு விமானங்களில் இரண்டை முதல் வாரத்திலேயே வீழ்த்தினாள். அன்றைக்கு ஊரில் விளக்கு எரிந்ததற்குக் காரணம் அவள். அதன் பிறகு எத்தனையோ. சுவரெல்லாம் அவள் படம். நன்றாக இருக்கிற பட்டனைப் பிய்த்துக்கொண்டு, தைக்க வந்ததாகச் சொல்லி, அவளைப் பார்க்கக் கடைக்கு ஆள் வந்தார்கள்.

சுவரில் இருக்கிற அவளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவள் பறந்துவிட்டு வந்ததும், பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அத்தை டீயையும் பட்டன் டப்பாவையும் கீழே நீட்டுவார். டப்பா முழுக்க நிறம் பிரித்து முடிக்கும் வரை எழுந்து வர மாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளால் குனிந்து மேசைக்கு அடியில் போக முடியவில்லை. பட்டன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அத்தை டீ வாங்கப் போன நேரத்தில்தான் விஷயத்தைச் சொன்னாள். அத்தை காதில் விழுகிற தூரத்தில் என்னை 'நீங்க' என்பாள். தனியாக இருந்தால் சின்ன வயதிலிருந்து வந்த 'நீ'தான்.

"ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. இன்னொரு தடவை அந்தக் கைப்பிடியை இழுத்தா, உயிர் இருக்கும், இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இருக்காதாம்."

"சரி, அப்ப இனிமே நீ ஏறல."

"இதை நம்ம படைப்பிரிவு டாக்டர்கிட்ட சொல்ல வேணாம்னு அவர்கிட்ட கெஞ்சிட்டு வந்திருக்கேன். உயரம் குறைஞ்சது தெரிஞ்சா சட்டப்படி இறக்கிடுவாங்க. உடுப்பை என் அளவுக்கு மாத்திக் குடு. யாருக்கும் தெரியாது."

"நான் மாட்டேன்."

"நான் இறங்கினா என் இடத்துல யாரை ஏத்துவாங்கன்னு தெரியுமா? போன வாரம் பயிற்சி முடிச்ச புள்ளைங்களை. முதல் நாளே விழுந்துடுவாங்க."

"விழட்டும்," என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது வேறு யார் உயிரும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இப்போதும் அதற்காக வெட்கப்படவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. கடையின் பின்பக்கம் இருக்கும் இரும்புக் கம்பியைப் பார்த்தாள். அவள் பார்த்தால் நானும் பார்த்தாக வேண்டும்.

அந்தக் கம்பியில்தான் வாங்கிப் போகாத உடுப்புகள் தொங்கும். அளவு கொடுத்துவிட்டுப் போனவர், உடுப்பு தயாராவதற்குள் செத்துப்போயிருப்பார். துணிக்குப் பஞ்சம். அதனால் படைப்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: செத்தவர் உடுப்பைப் புதிதாக வருகிறவருக்கு மாற்றித் தைக்க வேண்டும். பழைய பெயர்ப் பட்டையைப் பிரித்து எடுத்து, புதுப் பெயரைத் தைப்பேன். ஒருபோதும் துணியை வெட்ட மாட்டேன். உள்ளே மடித்துத்தான் தைப்பேன். அவருக்கு அடுத்து வருகிறவர் உயரமாக இருக்கலாம் அல்லவா. போட்டுப் பார்க்கிற பிள்ளை, "இது புதுசா மாஸ்டர்?" என்று கேட்கும். "புதுசுதான், உனக்குன்னே தைச்சது," என்பேன். படைப்பிரிவில் எல்லாரும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

அத்தைக்கு மட்டும் அது பிடிக்காது. "நாக்கு கூசலையா மாப்பிள்ளை? செத்த புள்ளை சட்டையைக் குடுத்துட்டு, வாய் நிறைய பொய் வேற," என்று ஒவ்வொரு முறையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்.

பழைய உடுப்பை அவளே ராத்திரியில் இடுப்பில் மடித்துத் தைத்துக்கொண்டு பறக்கப் போய்விட்டாள். எங்கள் சண்டை முடியாமல் கிடக்கும்போதுதான் அவளுக்குப் பதக்கம் அறிவித்தார்கள். நாட்டிலேயே பெரிய பதக்கம். ஓடுதளத்தில், விமானங்களுக்கு முன்னால், பறக்கும் உடுப்பிலேயே வாங்க வேண்டும். அதற்காக ஒரு புது உடுப்புக்கு நல்ல துணி அனுப்பினார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சரியான அளவில் தைத்தால் ஒன்றும் தெரியாது. பழைய அளவில் தைத்தால்? ஊரே பார்க்க, கமாண்டரும் டாக்டரும் பார்க்க, அவள் உடுப்புக்குள் அமுங்கி நிற்பாள். இரண்டு தடவை தூக்கி எறியப்பட்ட விமானிக்கு உடுப்பு பெரிதாகிவிட்டது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னால் அவளைத் தடுக்க முடியவில்லை. அவள் முதுகு தடுக்கட்டும் என்று நினைத்தேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் தைத்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அவள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இருந்த அளவை நூல் பிசகாமல் தைத்தேன். அத்தை கழுத்துக்குக் காஜா எடுத்தார். "என் பொண்ணு பதக்கம் வாங்கப்போற சட்டை," என்று ஒரு காஜாவை இரண்டு முறை பிரித்துத் திரும்ப எடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நேரே தளத்துக்கு அனுப்பிவிட்டேன். விடிந்ததும் ஒரு சுற்று பறந்துவிட்டு வந்து, அங்கேயே மாற்றிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதால் அவளுக்கு வேறு வழியில்லை.

நினைத்தது நடந்தது. கால் துணி பூட்ஸுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. முதுகில் துணி உப்பி நின்றது. இடுப்புப் பட்டியை இறுக்கி இறுக்கிப் பார்த்திருக்கிறாள். அது இன்னும் மோசமாக்கியிருந்தது. அண்ணன் உடுப்பைப் போட்டுக்கொண்ட தங்கச்சி மாதிரி நடந்து வந்தாள். நடக்கும்போது ஒரே ஒரு தடவை, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கமாண்டர் பதக்கத்தைக் குத்தினார். குத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே இழுத்து, "என்ன மாஸ்டர், எங்க எல்லாருக்கும் கச்சிதமா தைக்கறீங்க, சொந்தப் பொண்டாட்டிக்கு மட்டும் அளவு தெரியலையா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் மானம் கப்பலேறியது. அது போகட்டும். அவள் முதுகு விஷயம் கமாண்டருக்கு முன்பே தெரியும் என்பதை அவர் சிரிப்பிலேயே நான் பார்த்துவிட்டேன். சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விழா கலைந்ததும் அவர் அறைக்குப் போனேன். கதவைக்கூடத் தட்டவில்லை.

"அவ உயரத்தை அளந்து பாருங்க டாக்டர்."

"அளந்துட்டேன். திரும்பி வந்த அன்னைக்கே."

"அப்புறம் ஏன் இறக்கல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. அவரும் எத்தனை நாள் தூங்கவில்லையோ.

"பழைய உயரத்தையே எழுதினேன். நான் எழுதலைன்னா என்னை மாத்திட்டு எழுதற டாக்டரைக் கொண்டு வருவாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல மாட்டேன். ஏத்தி அனுப்ப எத்தனை பேர் மிச்சம்னு என்னைக் கேக்காதீங்க மாஸ்டர். உங்க கடைக் கம்பியைப் போய்ப் பாருங்க. உங்களுக்குத்தான் நல்லா தெரியும்."

நான் அவர் மேசையை ஓங்கிக் குத்தினேன். மசிக்குப்பி கவிழ்ந்தது. அவர் அதை நிமிர்த்தக்கூட இல்லை. அவ்வளவு தூரம் பாடுபட்டு நான் காட்டிக்கொடுத்த ரகசியம் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அவளுடைய முதுகைக் கணக்கில் கழித்துவிட்டுத்தான் எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு, அதாவது கடைக்கு, அவள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அதே உடுப்போடு வெட்டும் மேசை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். யார் பிடித்து ஏற்றினார்களோ. அத்தை பதக்கத்தை அக்கம்பக்கத்தில் காட்டப் போயிருந்தார்.

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமா."

"தைச்சது நல்லா இருக்கு. கழுத்து பிரமாதம்," என்றாள். பிறகு, "சரி, குண்டூசியை எடு. நாளைக்கு இதைத்தான் போடப் போறேன். பழசு கிழிஞ்சு போச்சு."

எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் குண்டூசி டப்பாதான் கைக்கு வந்தது. கால் ஓரத்தை மடித்தால் கவடு தொங்கும். இடுப்பில்தான் மடிப்புப் பிடிக்க வேண்டும். பட்டிக்கு உள்ளே சுற்றிலும் துணியை மடித்து, ஊசி குத்திக்கொண்டே வந்தேன். அவளுடைய இடுப்பெலும்புக்கு மேலே கையை வைத்தபோது சுருக்கென்று மூச்சை இழுத்தாள்.

"வெட்டிடாதே," என்றாள்.

"தெரியும். வழக்கத்தை எனக்கே சொல்லித்தர்றியா?"

"எனக்கு அடுத்தது வர்றவ உயரமா இருந்தா?"

"வாயை மூடு. உனக்காகத்தான் மடிக்கிறேன். சண்டை முடிஞ்சு, ஆறு மாசம் மல்லாக்கப் படுத்தியானா முதுகு நிமிரும். அப்ப பிரிச்சு விடுவேன்."

அவள் சிரித்தாள். "தையல்காரன் புத்தி. எல்லாத்தையும் பிரிச்சுத் தைச்சுடலாம்னு நினைப்பு."

நான் மேசை மேல் அவள் முன்னால் முட்டி போட்டிருந்தேன். அந்த நிலையிலேயே அவள் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினேன். "நீ ஏறு. நான் தடுக்கல. ஆனா அடிபட்டா கைப்பிடியை இழு. கால் போனா போகட்டும். நான் தூக்கிட்டுப் போறேன். இந்த மேசை மேலயே உக்கார வச்சுக்கறேன். பட்டன் பிரிச்சுக்கிட்டு உக்காந்திரு. எனக்கு அது போதும். இழுப்பேன்னு சொல்லு."

அவள் என் தலையில் கை வைத்தாள். "சரி. இழுக்கறேன்," என்றாள்.

வாசலில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. "எழுந்திருங்க, அம்மா வர்றாங்க," என்று மெதுவாகச் சொன்னாள். அந்த 'ங்க' போட்டதைக் கேட்டு இருவரும் சிரித்துவிட்டோம்.

அதன் பிறகு மழைக்காலம் முழுக்கப் பறந்தாள். ஒரு முற்பகலில், கடையில் நான் மிஷினில் இருந்தபோது, ஒரே ஒரு விமானம் மட்டும் தாழ்வாக, இருமிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். வால் பக்கம் புகை. ஒரு சக்கரம்தான் வெளியே வந்திருந்தது. அவளுடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இழு," என்று தெருவில் நின்று கத்தினேன். "இழுடி."

வயர்லெஸ்ஸில் கமாண்டரும் அதையேதான் கத்தினாராம். பிறகு அவரே வந்து சொன்னார். 'இழு ஊசி, உடனே இழு' என்றாராம். 'வேணாம், கொண்டு வந்துடறேன்' என்றாளாம். விமானங்களுக்கும் பஞ்சம் என்பதால் அதைக் காப்பாற்ற நினைத்தாளா, தன் கால்களை நினைத்தாளா, கீழே இருக்கிற எங்கள் தெருக் கூரைகளைப் பார்த்தாளா, யாருக்கும் தெரியாது. ஓடுதளத்தில் தரை தொட்டாள். நேராகத்தான் ஓடியது. கடைசியில் சக்கரம் இல்லாத பக்கம் சாய்ந்து, சுற்றி, மணல் மேட்டில் போய் முட்டி நின்றது. அவள் மேல் ஒரு கீறல் கிடையாது. முட்டிய அதிர்ச்சியை முதுகெலும்பு தாங்காமல், கட்டிய பட்டைகளுக்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தாள்.

எனக்கு அவள்மேல் கோபம். அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. அடக்கத்தின்போது பீரங்கி வெடித்தது, மந்திரிகள் வந்தார்கள், சுவர்ப் படங்களுக்கெல்லாம் மாலை விழுந்தது. நான் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இழுக்கிறேன் என்று சொன்னாயே. தலையில் கை வைத்துச் சொன்னாயே.

சில நாள் கழித்து அவள் பெட்டி வந்தது. பதக்கத்தை அத்தை எடுத்துக்கொண்டார். துவைத்து மடித்த உடுப்பு ஒன்று இருந்தது. பதக்க விழாவுக்குத் தைத்தது. அதன் பிறகு அவள் அளவுக்கே இன்னொன்று தைத்துக் கொடுத்திருந்தேன். கடைசி நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள். இதை நான் கம்பியில் மாட்டவில்லை. மேசைக்கு அடியில், அவள் உட்காரும் இடத்தில் வைத்தேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

கமாண்டரின் ஆள் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பயிற்சி முடித்து வந்தவள். நெடுநெடுவென்று இருந்தாள். "உடனே ஒரு உடுப்பு வேணும் மாஸ்டர். மத்தியானம் ஏறணும்," என்றார். கம்பியைக் காட்டினேன். எல்லாம் ஆம்பிளைகள் அளவு, தோளே பொருந்தாது. துணி இல்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு மேசைக்கு அடியில் பார்த்தார். வாய் திறந்து கேட்க அவருக்கு மனமில்லை.

நான் எடுத்தேன். பெயர்ப் பட்டையைப் பிரித்தேன். இடுப்புப் பட்டியைத் திருப்பி, உள்ளே மடித்து வைத்த துணியின் தையலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தேன். ஒன்றேகால் அங்குலம் வெளியே வந்தது. மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. இஸ்திரி போட்டேன், தண்ணீர் தெளித்துப் போட்டேன். போகவில்லை. பட்டி மறைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். முதுகு எங்கள் பக்கம். நான் ஒரு குண்டூசிகூடக் குத்த வேண்டியிருக்கவில்லை. தோள், முதுகு, கால், எல்லாம் நூல் பிசகாமல் பொருந்தின. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இருந்த என் மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அத்தையின் கையிலிருந்த பட்டன் டப்பா சரிந்து, பட்டன்கள் தரையெல்லாம் சிதறின.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தாள் பாவம். "அளவே எடுக்காம இவ்வளவு கரெக்டா இருக்கே! இது புதுசா அண்ணே?"

நான் வாயைத் திறந்தேன். எத்தனை பேருக்குச் சொன்ன வார்த்தை. வரவில்லை. கமாண்டரின் ஆள் வாசலுக்குத் திரும்பிக்கொண்டார்.

அத்தை எழுந்து வந்தார். பட்டன்களை மிதித்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண்ணின் காலரை நிமிர்த்தி, தானே இரண்டு முறை பிரித்து எடுத்த காஜாவில் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டார்.

"புதுசுதாம்மா," என்றார். "உனக்குன்னே தைச்சது."